காய்ச்சல் இறங்கியது, 4.20

ஜூலை 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

குளியலறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நோட்டை வைத்திருக்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நீ போன இந்த மூன்று வருடத்தில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பற்றிப் பேச்செடுத்தாலே அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிடுகிறார். உன் ஆய்வுக்கூடத்தின் முகவரியை அம்மா மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். அங்கிருந்துதான் எடுத்தேன்.

விஷயம் இதுதான். அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதினோரு நாள் ஆகிறது. ஆனாலும் காலையில் எழுந்து முகம் மழித்து, வேலைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

அவருடைய மூன்றாம் உலையில் வெந்த இரும்பு பாஸ்பேட் பொடியில் தண்ணீர் இருந்ததாம். ஒரு ஈடு முழுவதும் அப்படி. வாங்கிய பேட்டரிக்காரர்கள் அத்தனை மூட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நான் ஒழுங்கா வேக வெச்சுத்தான் அனுப்பினேன். கிடங்குல கூரை ஒழுகுது, அங்கதான் ஈரம் ஏறியிருக்கு" என்கிறார் அப்பா. மேலாளர், "கூரை மேல பழியைப் போடாதீங்க. சாயங்காலம் ஏழு மணிக்குத் திறக்க வேண்டிய உலையை நாலு நாற்பதுக்கே திறந்திருக்கீங்க" என்கிறாராம்.

எது உண்மை என்று பார்க்க வெளி ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்தேன். அது உன் ஆய்வுக்கூடம். அப்பாவுக்கும் தெரியும். மாதிரி எண் 3-117. விசாரணை 26ஆம் தேதி.

அக்கா, அது காற்றிலிருந்து ஏறிய ஈரம்தான் என்று முடிவு வரும்படி செய்ய முடியுமா? பெரிய பொய் வேண்டாம். ஒரு புள்ளி அப்படி இப்படி. உன் வேலை எனக்குத் தெரியாது, அதனால் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. கீழே தையற்கடை அம்மாவின் முகவரிக்கு அனுப்பு. அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. ஏன் என்று மட்டும் கேட்காதே.

உன் தங்கை


ஜூலை 7

வாலு,

மூன்று வருடம் கழித்து எழுதிய முதல் கடிதத்திலேயே என் வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறாய். பரவாயில்லை, அப்பாவின் மகள்தான்.

மாதிரிகள் இங்கே எண்ணோடு மட்டும்தான் வரும். எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். 3-117 என் மேசை மேல்தான் இருந்தது. உன் கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்திருந்தால் நானே சோதித்து முடித்திருப்பேன். இப்போது தெரிந்துவிட்டதால், "இது என் அப்பா வேலை செய்யும் இடத்து மாதிரி" என்று எங்கள் தலைவரிடம் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அதை அடுத்த மேசைக்காரியிடம் கொடுத்துவிட்டார். அவள் என்னைவிடக் கறார். தராசில் தூசி விழுந்தால் அந்தத் தூசியின் ஊர் பேர் விசாரிப்பாள். ஆக, நீ கடிதம் எழுதி எனக்கிருந்த வழியையும் அடைத்துவிட்டாய். வழி இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

"ஒரு புள்ளி அப்படி இப்படி" என்று எழுதியிருக்கிறாயே, நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று உனக்கு யாருமே சொல்லவில்லையா? அதே தொழிற்சாலையின் ஆய்வகத்தில் அப்பா கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை. மூன்றாவது மாதம், ஒரு பொடியில் தண்ணீர் 0.6 என்று வந்தது. 0.5 தான் வரம்பு, அப்படியே எழுது என்றார்கள். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அப்பா வாசலை மறித்துக்கொண்டு, "ஒரு புள்ளிக்காக என் மானத்தை வாங்கிட்டியேடி, உனக்கு வேலைதான் பெருசுன்னா போ" என்றார். போனேன். அவ்வளவுதான் கதை.

சரி, பொடியைப் பற்றிச் சொல்கிறேன். அதில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, காற்றிலிருந்து வந்து மேலே ஒட்டிக்கொண்டது. அது விருந்தாளி. லேசாகச் சூடு காட்டினால், நூறு டிகிரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, கிளம்பிவிடும். இன்னொன்று, பொடி உருவாகும்போதே அதன் உடம்புக்குள் கட்டுண்ட தண்ணீர். அது குடித்தனக்காரர். நூற்று நாற்பது, நூற்றைம்பது தாண்டினால்தான் வெளியே வரத் தொடங்கும். வேகாத பொடி நூறு கிலோ என்றால் அதில் பத்தொன்பது கிலோவுக்கு மேல் இந்தக் குடித்தனக்காரர்தான். உங்கள் உலைகளின் வேலையே அவரைக் கிளப்புவது.

எங்கள் மெஷினில் ஒரு சிட்டிகைப் பொடியை வைத்துச் சூட்டை ஏற்றிக்கொண்டே எடையைக் கோடாக வரைவோம். கோடு எந்தச் சூட்டில் இறங்குகிறது என்று பார்த்தால் எந்தத் தண்ணீர் என்று தெரிந்துவிடும். அப்பா சொல்வது உண்மையானால் முடிவு அவர் பக்கம்தான் வரும். பிறகு எதற்குப் பயப்படுகிறாய்? முடிவு அப்படி வராது என்று உனக்கு முன்கூட்டியே தெரியும்போல இருக்கிறது உன் கடிதத்தைப் பார்த்தால்.

என்ன மறைக்கிறாய்?

அக்கா


ஜூலை 10, இரவு

அக்கா,

நீ கேட்பாய் என்று தெரியும். இதை வாசித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

மே மாதக் கடைசியில் அம்மாவுக்குக் காய்ச்சல். நாலு நாள் விடவே இல்லை. உனக்குச் சொல்லவில்லை, மன்னித்துக்கொள். நாலாவது நாள் காலையில் டாக்டர், "சாயங்காலத்துக்குள்ள இறங்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். அப்பாவுக்கு லீவு தரவில்லை. நான் பள்ளிக்கூடம் போகாமல் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தேன்.

மத்தியானம் தாண்டி அம்மாவுக்கு வேர்க்க ஆரம்பித்தது. நாலே கால் இருக்கும், தெர்மாமீட்டரில் தொண்ணூற்று ஒன்பது. அப்பா அங்கே தவித்துக்கொண்டிருப்பாரே என்று தையற்கடைக்கு ஓடி மூன்றாம் உலைக்கு ஃபோன் செய்தேன். உள்ளே போகும்போது செல்ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் அல்லவா, உலைப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு ஃபோன்தான் வழி. அதையும் அப்பா, "வீடே பத்தி எரிஞ்சாலும் அந்த நம்பருக்கு அடிக்காதே, என் பேர்ல மெமோ வரும்" என்று சொல்லியிருந்தார்.

யாரோ ஒருவர் எடுத்து "மூணாம் உலை" என்றார். பின்னால் ஒரே இரைச்சல். நான் யார் என்று சொன்னால் அப்பாவுக்கு மெமோ வந்துவிடுமே என்று, "காய்ச்சல் இறங்கிடுச்சு, சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அக்கா, நீ அங்கே மூன்று மாதம் இருந்தவள். உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. பொடியின் கடைசிச் சூட்டுக்கு அங்கே காய்ச்சல் என்று பெயராம். அது முடிந்ததும் மேலே கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் அக்கா கீழே ஃபோன் செய்து "காய்ச்சல் இறங்கிடுச்சு" என்று சொல்வாராம்.

அன்று ஃபோனை எடுத்தது சோடா அண்ணன். கண்ணாடி ரொம்பக் கனம் என்பதால் அந்தப் பெயர். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அப்பா தட்டுகள் எடுத்துவரக் கிடங்குக்குப் போயிருந்தாராம். சோடா அண்ணன் போர்டில் "காய்ச்சல் இறங்கியது, 4.20" என்று எழுதிவிட்டார். அப்பா வந்து அதைப் பார்த்துவிட்டு உலையைத் திறந்தார்.

இதெல்லாம் அப்பா அம்மாவிடம் சொல்லும்போது கேட்டது.

"மேல இருக்கிற பொண்ணு, நான் கூப்பிடவே இல்லைன்னு சத்தியம் பண்ணி அழுவுது. சோடாவைக் கேட்டா, பொண்ணு குரல்தாண்ணே, எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் கேக்கும்ங்கிறான்."

"அப்போ யாருங்க கூப்பிட்டது, பேயா?"

"பேய்க்கு எங்க செக்‌ஷன் நம்பர் எப்படிடி தெரியும்?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பொடியில் இருப்பது உள்தண்ணீர் என்று முடிவு வந்தால், கட்டுப்பாட்டு அறை அக்காவை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள், அல்லது அப்பாவை. அந்த அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறதாம். அதனால்தான் கூரை ஒழுகினதாக முடிவு வரட்டும் என்று உன்னைக் கேட்டேன். கூரைக்கு வேலை போகாதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் அப்பா மூச்சிரைக்க மாடியேறி வந்து, "இப்போ எப்படி இருக்கா?" என்று கேட்டார். அம்மா தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லியனுப்பியும் இவரிடம் யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். இப்போதுதான் புரிகிறது. அம்மாவுக்குச் சரியாகிவிட்டது என்ற செய்தியை அவர் போர்டில் தன் கண்ணாலேயே வாசித்திருக்கிறார்.

தங்கை


ஜூலை 15

வாலு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

அறிக்கை நேற்றே தொழிற்சாலைக்குப் போய்விட்டது. போன பிறகுதான் அடுத்த மேசைக்காரி கோட்டை எனக்குக் காட்டினாள். நூற்று இருபது டிகிரி வரை கோடு ஏறக்குறைய மட்டமாகப் போகிறது. நூற்று நாற்பதில் சரியத் தொடங்கி இருநூற்றுப் பத்து வரை இறங்குகிறது. நூற்றுக்கு 3.8 பங்கு. அரைக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாம் உள்தண்ணீர். கூரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நீ பேசிய நாலு வார்த்தையால் உலை சீக்கிரம் திறந்தது. அது வரைக்கும் சரி. ஆனால் ஒன்று எனக்கு இடிக்கிறது. இதை உனக்கு எழுதலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

உலையைத் திறந்ததும் ஒரு தட்டை எடுத்து ஆற வைத்து எடை போட வேண்டும். பிறகு அதே தட்டைச் சின்ன அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்து மறுபடி ஆற வைத்து எடை போட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தண்ணீர் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம்தான் கையெழுத்து. மாதிரியோடு வந்த உலைப் பதிவேட்டின் நகல் எங்கள் தலைவரிடம் உறைக்குள் இருந்தது, அறிக்கை போன பிறகு அதையும் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்தில், முதல் எடை 4.13 கிலோ, இரண்டாவது எடை 4.13 கிலோ.

இவ்வளவு தண்ணீர் மிச்சமிருந்த தட்டு இரண்டாவது தடவை அதே எடை காட்டவே காட்டாது. நூறு, நூற்றைம்பது கிராமாவது இறங்கியிருக்க வேண்டும். புரிகிறதா? அந்த இரண்டாவது எடை இருப்பதே உன்னைப் போல யாராவது தவறாக ஃபோன் செய்தால் கண்டுபிடிப்பதற்குத்தான்.

முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. புள்ளிக்காக என்னை வாசலில் நிறுத்திப் பேசிய மனிதர், போடாத எடையை எழுதியிருக்கிறார். அந்தச் சந்தோஷம் ஒரு காப்பி குடிக்கும் நேரம் இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மேலாளர் இந்த எடைகளைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எங்களிடம் கேட்டது எந்தத் தண்ணீர் என்று மட்டும்தான். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரியவில்லை. நீ வாயைத் திறக்காவிட்டால் அந்தக் கைக்குழந்தைக்காரி மாட்டுவாள். திறந்தால் எது எதுவெல்லாம் வெளியே வரும் என்று சொல்ல முடியாது.

அக்கா


ஜூலை 18, இரவு

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலையில் அப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தார். கையில் பிளேடு இருக்கும்போது போய்ச் சொன்னது என் முட்டாள்தனம். "அப்பா, அன்னைக்கு உங்க உலைக்கு ஃபோன் பண்ணது நான்தான்" என்றேன்.

"எந்த ஃபோன்?"

"காய்ச்சல் இறங்கிடுச்சுன்னு. அம்மாவுக்கு."

அவர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். ஒரு கன்னம் முழுக்க நுரை. "போர்டுல இருந்தது உங்கம்மா காய்ச்சலா?" என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். "என் காய்ச்சலையா அங்க எழுதிப் போட்டாங்க? நானே கட்டில்ல கிடந்தேன், என்னை எதுக்கு உங்க உலைக்குள்ள தள்ளுறீங்க?" என்று சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன். அப்போது அவர் என்ன நினைத்தார் என்று முகத்திலிருந்து தெரியவில்லை, பாதி நுரை. "என்ன சொன்னா அவ?"

"ரெண்டாவது எடை எப்படி அதே மாதிரி வந்துச்சுன்னு கேக்குறா."

மிச்சக் கன்னத்தை மழித்து முடித்தார். முகத்தைக் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே, "வரலை. நான் போடவே இல்லை. ஒரு தடவை எடை போட்டு ரெண்டு தடவை எழுதினேன். உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணுமேன்னு அவசரம், மணியைக்கூடப் பாக்கலை. பத்தொன்பது வருஷத்துல அன்னைக்கு ஒரு நாள்தான்" என்றார்.

அம்மா போய் அடுப்பை அணைத்தாள்.

பிறகு அப்பா என்னிடம், "நீ வாயைத் திறக்காதே. ஸ்கூல் பிள்ளையை அந்த ரூமுக்கெல்லாம் இழுக்க வேண்டாம்" என்றார். "அப்போ மேல இருக்கிற அக்கா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த நிமிடம் வரை என்னிடம் பேசவில்லை. விசாரணைக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. நான் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன். அந்த வாசலில் காவலாளி என்னை உள்ளே விடுவாரா?

தங்கை


ஜூலை 22

வாலு,

பதில் சொல்லாமல் வெளியே போவது அப்பாவின் அகராதியில் சரி என்பதா, முடியாது என்பதா என்று எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகும் தெரியாது. எதுவாக இருந்தாலும் தனியாகப் போகாதே. அம்மாவையாவது கூட்டிக்கொண்டு போ. அவளுடைய காய்ச்சல்தானே, அவளுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அறிக்கையின் நகலை வெளியே கொடுக்கக் கூடாது. அதனால் கோட்டை மட்டும் ஞாபகத்திலிருந்து கையால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் என்ன நடந்தது என்று சொல்ல உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ராத்திரி குளியலறைக்குள் உட்கார்ந்து பயந்துகொண்டிருக்காதே. பகலில் தையற்கடையிலிருந்து எனக்கு ஃபோன் செய். ஆனால் நீ யார் என்று முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசு.

அக்கா


ஜூலை 27

அக்கா,

நேற்றுக் காலை ஏழு மணிக்கு அப்பா, "கிளம்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு விட்டுவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார்.

ஒரு நீள மேசை. மேலாளரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். கட்டுப்பாட்டு அறை அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சோடா அண்ணனும் இருந்தார். மேலாளர் உங்கள் அறிக்கையை வாசித்து முடித்ததும் அப்பா எழுந்து, "கூப்பிட்டது அந்தப் பொண்ணு இல்லைங்க சார், என் பொண்ணு" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மேலாளர் சோடா அண்ணனைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, அன்று ஃபோனில் சொன்னதை அப்படியே மறுபடி சொல்லும்படி என்னிடம் சொன்னார். "காய்ச்சல் இறங்கிடுச்சு, சொல்லிடுங்க" என்றேன். சோடா அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இதே குரல்தான் சார். ஆனா அன்னைக்கு இவ்வளவு நடுக்கம் இல்லை" என்றார். கட்டுப்பாட்டு அறை அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மேலாளர் என்னைப் பார்த்து, "எந்தக் காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். இன்னொருவர் சிரித்துவிட்டார். மேலாளர் விசாரணைக் கோப்பை மூடினார். "சரி, சின்னப் பிள்ளை தெரியாம செஞ்சது. போர்டுல இருந்ததை நம்பித் திறந்தீங்க, உங்க மேல குத்தம் சொல்ல முடியாது. திங்கட்கிழமை உலைக்கு வந்துடுங்க" என்றார்.

அக்கா, அது அங்கேயே முடிந்திருக்கும். நான் எழுந்துகூட விட்டேன். அப்பா எழவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்" என்றார். "பதிவேட்டைப் பாருங்க. ரெண்டாவது எடை நான் போடலை. போட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பிள்ளையோட ஃபோனால உலைதான் திறந்துச்சு. பொடி வெளியே போனது என் கையெழுத்தால."

மேலாளர் கோப்பை மறுபடி திறந்து அந்தப் பக்கத்தைத் தேடினார். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் இருக்கும். அப்பா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் உலை போய்விட்டது. இனிமேல் மூட்டை ஏற்றும் பகுதியில்தான் வேலை, குறைந்தது ஒரு வருடம். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. அந்த அக்கா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனி உலையில் யாரும் காய்ச்சல் என்று சொல்லக் கூடாது, சூடேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். "ஒட்டி என்ன, அவனுங்க வாயில வரணுமே" என்கிறார் அப்பா.

வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை. "என்னாலதான்" என்றேன். "உன்னால பாதி, என்னால பாதி. என் பாதியை நீ எடுத்துக்காதே" என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்ட பிறகு நீ வரைந்து அனுப்பிய கோட்டை எடுத்து அப்பாவிடம் காட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நூற்று நாற்பதிலிருந்து சரியும் இடத்தில் விரலை வைத்துக் கீழே வரைக்கும் இழுத்தார்.

"நாங்க ஆற வெச்சுத்தான் எடை போடுவோம். சூட்டோட வெச்சா தராசு ஆடும். இது சூடு ஏற ஏறவே எடையும் காட்டுதே, எப்படி?" என்றார்.

"எனக்கென்ன தெரியும், அக்காவைத்தான் கேக்கணும்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கேட்டு எழுது" என்றார். பிறகு, "பதிலை என் பேருக்குப் போடச் சொல்லு" என்றார்.

தங்கை